ஃபோமட் அடிக்கச் சொல்லாத ஒழுங்கைக் கடை

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, அதனால் பெயர் கேட்காதீர்கள். திருகோணமலை பிரதான வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கைக்குள், தையல் கடைக்குப் பக்கத்தில், பழைய மொனிட்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த ஒரு சின்ன அறை. வெளியே எறிந்த காட்போட் பெட்டியை ஒரு மான் மென்றுகொண்டு நிற்கும் (வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள், நாங்கள் ஹோர்ன் அடிப்போம்). உள்ளே இருக்கிற தம்பி கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். நான் அவரிடம் போனது ஒரு வேலைக்காகத்தான். நின்றுபோன டேட்டாபேஸ் சேர்வரை, அதாவது கடைக் கணக்கைச் சேமித்துவைத்து, கேட்கும்போது எடுத்துக்கொடுக்கிற நிரலை, எழுப்ப வேண்டும். அந்த ஒரு வேலையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், அதனால் அவர் பிரிண்டர் திருத்துவது எப்படி, போன் டிஸ்பிளே மாற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

என்னுடையது மீன்பிடிச் சாமான் கடை. வலை, கயிறு, மிதவை, தூண்டில், வெளியிணைப்பு எஞ்சினுக்கு வேண்டிய சில்லறைப் பாகங்கள். ஆறு வருடமாக பில் போடுவதும் கடன் எழுதுவதும் ஒரு மென்பொருளில்தான். வாடை தொடங்கினால் சின்னப் படகுகள் பல நாள் கரையில் கிடக்கும், அந்த நேரம் ஆட்கள் கடனுக்குச் சாமான் எடுத்துவிட்டு கடல் இறங்கிய பிறகு கொடுப்பார்கள். அந்தக் கணக்கு முழுதும் அந்தக் கொம்பியூட்டருக்குள் இருக்கிறது, கொப்பியில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டேன். மென்பொருளின் அடியில் மைஎஸ்கியூஎல் 8.0 என்று ஒரு டேட்டாபேஸ் சேர்வர் ஓடுகிறது என்பதே, அது ஓடாமல் நின்ற அன்றைக்குத்தான் எனக்கு வடிவாகத் தெரியவந்தது.

ஞாயிறு பின்னேரம் மழையோடு கரண்ட் போனது. திங்கள் காலை கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டால், சேர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது மென்பொருள். விண்டோஸின் சேர்விஸ் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சேர்விஸ் என்றால் திரையில் முகம் காட்டாமல் பின்னால் ஓடுகிற நிரல். கொம்பியூட்டர் எழும்பும்போதே, யாரும் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போவதற்கு முன்னமே, தானாக எழும்பிவிட வேண்டியது. மைஎஸ்கியூஎல்80 என்ற பெயருக்கு நேரே 'ஓடுகிறது' என்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டார்ட்டை அழுத்தினால் பச்சைக் கோடு கொஞ்ச தூரம் போய், எரர் 1067, நிரல் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். அழுத்திக்கொண்டே இருந்தேன். இருபது தரமாவது அழுத்தியிருப்பேன், ஏதோ பழைய எஞ்சினுக்குக் கயிறு இழுப்பதுபோல.

ஒழுங்கைக் கடைக்கு முன்னால் வேறு ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் இருந்தது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. கொம்பியூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், "கரண்ட் போய் வந்ததில டேட்டாபேஸ் உடைஞ்சிட்டுது, ஃபோமட் அடிச்சுத்தான் போடவேணும், டேட்டா எடுக்கிறதுக்குத் தனிக் காசு" என்றார்கள். தனிக் காசு 12,000 ரூபா, டேட்டா வரும் என்ற உறுதியும் இல்லை. பில் மென்பொருள் வாங்கிய இடத்துக்கு கோல் எடுத்தால், அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள் என்றார் ஒருவர். மைஎஸ்கியூஎல்லை அழிக்கும்போது டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும், அதில் பிழையான இடத்தில் ஒரு டிக் விழுந்தால் ஆறு வருடக் கடனும் கடலில்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவசரத்தில் யாராவது அழிக்கச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

தம்பியிடம் கொம்பியூட்டரைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"கடைசியா ஓடினதுக்குப் பிறகு என்னண்ணே மாத்தினீங்க?"

"ஒண்டும் மாத்தேல்ல தம்பி. கரண்ட் போனது மட்டும்தான்."

இது பொய். பொய் என்று எனக்கே அப்போது தெரியாது, அதை விடுங்கள், பின்னால் வருகிறேன். அவர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஸ்டார்ட்டை ஒரேயொரு தரம் அழுத்தி எரரைப் பார்த்தார், பிறகு அதைத் தொடவேயில்லை. தன்னுடைய வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, டேட்டா ஃபோல்டரை அப்படியே முழுதாகப் பிரதி எடுத்தார். சேர்வர் ஓடாமல் நிற்கும்போது எடுக்கிற பிரதிதான் நம்பக்கூடியது, ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளைச் சும்மா இழுத்துப் போட்டால் பாதி எழுதியதும் பாதி எழுதாததுமாக வரும் என்றார். பிரதி முடியும்வரை அரை மணித்தியாலம் வேறு எதையும் செய்யவில்லை. பிளேன்ரீ வந்தது. நான் பதறிக்கொண்டிருக்கிறேன், இவர் இஞ்சியைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். கோபம்கூட வந்தது, உண்மையைச் சொன்னால்.

1067 என்ற இலக்கத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்த விளக்கம். அது விண்டோஸ் சொல்வது, மைஎஸ்கியூஎல் சொல்வது அல்ல. உள்ளே போனவர் விழுந்துவிட்டார் என்று வாசலில் நிற்கிற காவலாளி சொல்கிற மாதிரி. எதில் கால் தடுக்கியது என்று அவருக்குத் தெரியாது. அதை எழுதிவைப்பது டேட்டா ஃபோல்டருக்குள், கொம்பியூட்டரின் பெயரோடு முடிவில் 'இஆர்ஆர்' என்று இருக்கிற லொக் கோப்பு. வழமையாக அது சீ டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும், மறைந்ததைக் காட்டு என்று சொல்லாவிட்டால் கண்ணில் படாது. எங்கள் கொம்பியூட்டரில் அந்த இடத்தில் டேட்டா ஃபோல்டரே இல்லை. டி டிரைவில் 'ஸ்டொக்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. பிரதி எடுக்கத் தேடியபோதே அவருக்கு அது தெரிந்துவிட்டது, என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லொக்கைத் திறந்தார். கடைசி வரி ஞாயிற்றுக்கிழமை, சேர்வர் ஒழுங்காக நிறுத்தப்பட்டது என்று. அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் இல்லை. திங்கள் நான் இருபது தரம் அழுத்தியதற்கு ஒரு தடயமும் இல்லை. "லொக்கில ஒண்டும் விழேல்ல எண்டா லொக்கைத் திறக்கிறதுக்கு முதலே விழுது. அப்ப கொன்ஃபிக்தான்" என்றார். அத்தோடு, கரண்ட் போனபோது சேர்வர் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை, அதற்கு முன்பே யாரோ ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கடைசி வரியிலேயே இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தாலும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லையாம். மைஎஸ்கியூஎல் உள்ளே பாவிக்கிற இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும், இடையில் கரண்ட் போனால் அடுத்த தரம் எழும்பும்போது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். டிஸ்க்கே பழுதானால் வேறு கதை. ஆக, நான் இரண்டு நாள் மின்சார சபையைத் திட்டியது வீண். (அந்தக் கணக்கில் இல்லாவிட்டாலும் வேறு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.)

பிறகு அவர் சொன்ன கொன்ஃபிக்கை, அதாவது எது எங்கே இருக்கிறது என்று சேர்வர் எழும்பும்போது படிக்கிற மை டொட் ஐஎன்ஐ என்கிற அமைப்புக் கோப்பைத் தேடிப்போய், திறக்காமலே அதன் திகதியைக் காட்டினார்.

"ஞாயிறு பின்னேரம் 6.40க்கு இந்த ஃபைலை ஆரண்ணே திறந்தது?"

என் அக்காவின் மகன். சீ டிரைவ் நிறைந்து சிவப்பாகிவிட்டது என்று நான்தான் புலம்பியிருந்தேன், அவன் வந்து சேர்விஸை நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை டி டிரைவில் ஸ்டொக் ஃபோல்டருக்குள் பிரதி எடுத்து, ஐஎன்ஐ கோப்பில் புது இடத்தை எழுதி, சீயில் இருந்ததை அழித்து, குப்பைக்கூடையையும் காலிசெய்துவிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. "இடம் எடுத்துத் தந்திட்டன் மாமா" என்று சொன்னான், நானும் நல்ல பிள்ளை என்று நூறு ரூபா கொடுத்தேன். அதை ஒரு 'மாற்றம்' என்று என் மண்டை கணக்கிலேயே எடுக்கவில்லை. அவனைக் குறைசொல்ல மாட்டேன், செய்த ஒழுங்கு சரிதான், ஓடிப்பார்க்காமல் பழையதை அழித்ததுதான் பெரிய பிழை.

இதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கடைக்கு நான் கொடுத்த காசின் பெறுமதி. சேர்விஸ் பட்டியலில் மைஎஸ்கியூஎல்லின் புரொப்பட்டீஸைத் திறந்தால் அது எந்த நிரலை, எந்த ஐஎன்ஐ கோப்போடு கிளப்புகிறது என்று ஒரு நீளமான வரி இருக்கும். அதே வரியை, கட்டளைகளை எழுத்தில் கொடுக்கிற கறுப்புத் திரையில் கையால் அடித்து, கடைசியில் 'கொன்சோல்' என்று சேர்த்து ஓடவிட்டார். அப்படிச் செய்தால் லொக்குக்குப் போக வேண்டிய பேச்செல்லாம் திரையிலேயே வரும். அதே ஐஎன்ஐ கோப்பைக் கொடுப்பது முக்கியம், விட்டால் வேறு இடத்தில் கிடக்கிற இன்னொரு கோப்பைப் படித்துவிட்டு வேறு கதை சொல்லும். திரையில் வந்தது: 'டொக்' என்ற ஃபோல்டர் இல்லை.

டொக்கா?

மருமகன் எழுதியது டி கோலன், பின்சாய்ந்த கோடு, ஸ்டொக். விண்டோஸில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் மைஎஸ்கியூஎல்லின் அமைப்புக் கோப்பில் பின்சாய்ந்த கோட்டுக்குப் பின்னால் சில எழுத்துகள் வந்தால் அவற்றுக்கு வேறு அர்த்தம்: ஆங்கில 'என்' வந்தால் புது வரி, 'டீ' வந்தால் டாப் என்கிற நீள இடைவெளி, 'எஸ்' வந்தால் ஒரு வெற்றிடம். ஸ்டொக்கின் எஸ்ஸை வெற்றிடமாக விழுங்கிவிட்டு மீதி 'டொக்'கைத் தேடியிருக்கிறது சேர்வர். ஃபோல்டருக்கு 'கடை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தால் முதல் எழுத்து கே, ஒன்றும் ஆகியிருக்காது. தம்பி பின்சாய்ந்த கோடுகளை எல்லாம் முன்சாய்ந்த கோடாக மாற்றினார், விண்டோஸிலும் மைஎஸ்கியூஎல் அதை ஏற்றுக்கொள்ளும். சேமிக்கும்போதும் ஒன்றைக் கவனித்தார். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தெரிவுசெய்து சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளுமாம், அதனாலேயே முதல் வரியில் சேர்வர் விழுந்த கேஸ்கள் அவருக்கு வந்திருக்கின்றனவாம்.

மறுபடி கையால் ஓடவிட்டார். ஓடியது! பில் மென்பொருளைத் திறந்தால் கடன் கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. நான் எழும்பி பர்ஸை எடுத்துவிட்டேன்.

"இருங்கண்ணே, இது கையால ஓடுது. சேர்விஸா ஓடோணும்."

சேர்விஸில் ஸ்டார்ட் அழுத்தினார். விழுந்தது. இந்த இடத்தில் அவருக்கும் ஒரு பத்து நிமிடம் வீணானது, கையால் ஓடவிட்ட கறுப்புத் திரையை மூட மறந்துவிட்டார். ஒரு சேர்வர் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு 3306 என்ற போர்ட்டிலும் (இணைப்புகள் வருகிற வாசல்) உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது எப்படி எழும்பும்? ஓடுகிற நிரல்களைக் காட்டுகிற டாஸ்க் மனேஜரில் அதைக் கண்டதும் தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டினார். அதை ஒழுங்காக நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் அழுத்தினால், அப்போதும் விழுகிறது. கையால் ஓடுகிறது, சேர்விஸாக ஓடவில்லை. அதே நிரல், அதே ஐஎன்ஐ, அதே ஃபோல்டர்.

இதற்கு அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன், திருகோணமலைக்காரருக்கு இதைவிட நன்றாக விளங்கப்படுத்த முடியாது. "டொக்யாட்டுக்குள்ள உங்களுக்குப் பாஸ் இருக்கு எண்டு வைங்க. நீங்க போகலாம். உங்கட கடைப் பெடியன் போகேலுமா? அவனுக்கு வேற பாஸ் வேணும். கறுப்புத் திரையில ஓடக்குள்ள அது நீங்க. சேர்விஸா ஓடக்குள்ள அது நீங்க இல்ல, வேற ஆள்." அந்த வேறு ஆளின் பெயர் நெட்வேர்க் சேர்விஸ். மைஎஸ்கியூஎல்லை வழமையான முறையில் நிறுவினால் அந்த விண்டோஸ் பயனர் கணக்கின் கீழ்தான் ஓடும், சேர்விஸின் 'லொக் ஒன்' (யாருடைய பெயரில் உள்நுழைகிறது) பக்கத்தில் பார்க்கலாம். இந்த ஆள் லொக் கோப்பையே திறக்க முடியாமல் நின்றதால் காரணம் அங்கேயும் விழவில்லை. ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸின் சொந்தக் குறிப்பேட்டில், அப்ளிக்கேஷன் பகுதியில் இருந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

சாதாரணமாக டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினால் இப்படி ஆகாதாம், அந்த ஆளுக்கும் வழி இருக்கும். இங்கே ஏன் இல்லை? ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் கடைப் பெடியன் விலைப்பட்டியலை நோண்டுகிறான் என்று ஸ்டொக் ஃபோல்டரை என்னுடைய கணக்கைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி நான்தான் பூட்டியிருந்தேன். மறந்தே போனேன். முதல் பிழை மருமகனுடையது என்று சிரித்துக்கொண்டிருந்தவன், இரண்டாவது என்னுடையது என்றதும் அமைதியாகிவிட்டேன். தம்பி டேட்டா ஃபோல்டரின் செக்கியூரிட்டி பக்கத்தில் நெட்வேர்க் சேர்விஸைச் சேர்த்து முழு அனுமதி கொடுத்தார், உள்ளே இருக்கிற கோப்புகளுக்கும் அது இறங்கும்படி. சேர்விஸை லோக்கல் சிஸ்டம் கணக்குக்கு மாற்றிப் பார்க்கும்படி யூடியூபில் சொல்கிறார்களே என்று கேட்டேன். அந்தக் கணக்குக்குக் கொம்பியூட்டர் முழுவதிலும் அதிகாரம், ஒரு கதவுக்காக ஊர்ச் சாவியையே கொடுக்கிற வேலை என்றார்.

ஸ்டார்ட். பச்சைக் கோடு கடைசிவரை போனது. கொம்பியூட்டரை முழுதாக நிறுத்தி, திரும்பப் போட்டு, பாஸ்வேர்ட் அடிக்காமல் இரண்டு நிமிடம் காத்திருந்து, தன் லப்டொப்பிலிருந்து வயர் வழியே சேர்வரைத் தட்டிப் பார்த்தார். பதில் வந்தது. அப்போதுதான் முடிந்தது என்றார்.

இடையில் மருமகன் போனில் ஒரு யோசனை சொன்னான், ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழித்தால் சேர்வர் எழும்பும் என்று எங்கோ பார்த்தானாம். இன்னோடிபி தன் உள்கணக்கை வைத்திருக்கிற கோப்பு அது, போனால் மற்ற அட்டவணைகளைத் திறக்க வழி இல்லாமல் போகும் என்று தம்பி சத்தமாகவே சொன்னார். இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரி என்று 1 முதல் 6 வரை ஒரு அமைப்பு இருக்கிறது, உண்மையிலேயே பழுதானால் அதுதான் வழி, ஆனால் 4க்கோ அதற்கு மேலேயோ போனால் டேட்டாவையே நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும், பிரதி கையில் இல்லாமல் தொடக்கூடாது. எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

முழு வேலைக்கும் 2 மணி 40 நிமிடம், 3,500 ரூபா. அந்தக் காசுக்குள்ளேயே ஒவ்வொரு இரவும் கணக்கைத் தனிக் கோப்பாக எடுத்துவைக்கிற ஏற்பாடும் செய்து தந்தார். எடுத்த முதல் கோப்பைத் தன் லப்டொப்பில் ஏற்றி, "ஒரு ஆளின்ர பேரைச் சொல்லுங்க" என்று கேட்டு, அவரின் கடன் தொகை சரிதானா என்று என்னிடம் காட்டினார். பக்கப் செய்தோம் என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், திருப்பி ஏற்றிக் காட்டியவரை இதுதான் முதல் தரம் கண்டது. யூபிஎஸ் பெட்டரி செத்துக் கிடக்கிறது, மாற்றுங்கள் என்றார். அவர் பெட்டரி விற்பதில்லை, அதனால் நம்பினேன். மைஎஸ்கியூஎல் 8.0க்கு 2026 ஏப்ரல்வரைதான் ஆதரவு, 8.4க்கு மாற வேண்டும், அதை இன்னொரு நாளைக்குத் தனியாகச் செய்வோம் என்றும் சொன்னார்.

குறைகளும் உண்டு. பில் தரமாட்டார், கேட்டால் ஒரு துண்டில் தொகையை எழுதித் தருவார், கணக்குக் காட்ட வேண்டிய ஆட்களுக்கு அது சரிவராது. கோல் எடுத்தால் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். கடை திறக்கிற நேரம் என்று ஒன்று இல்லை, காலை ஒன்பது என்பார், பத்தரைக்கு வருவார். வெள்ளி பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை ஜும்ஆ, பூட்டு. உட்காரக் கதிரை ஒன்றுதான், அதிலும் யாருடையதோ சிபியூ இருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு.

போகிறவர்கள் கொம்பியூட்டரை மட்டும் கொண்டுபோனால் போதும், மொனிட்டர் அவரிடம் இருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டும் மைஎஸ்கியூஎல்லின் ரூட் (தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாவது உங்களிடம் இல்லாவிட்டால் மென்பொருள் விற்றவரிடம் முதலே வாங்கிக்கொண்டு போங்கள், நான் அதற்காகவே ஒரு மணித்தியாலம் கோல் எடுத்துக்கொண்டு நின்றேன். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று அவர் கேட்பார். வீட்டில் எல்லோரிடமும் விசாரித்துவிட்டுப் போங்கள்.